ரிசார்பபிள்: உறிஞ்சுவது யார்?

தங்கை மகளுக்கு ஐந்து வயது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகி, இரண்டு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பல் மருத்துவமனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கையெழுத்துக்காக நீட்டிய ஒப்புதல் தாளில், தமிழில்தான், இப்படி ஒரு வரி: ‘குழந்தையின் வேர்க்கால்வாயில் மீளுறிஞ்சத்தக்க நிரப்புப் பொருள் நிரப்பப்படும்.’ தங்கை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அண்ணா, இது எதை உறிஞ்சும்? ரத்தத்தையா?”

இந்த உறிஞ்சல் எனக்குப் புதிதல்ல. ஒரு நாளிதழின் நலவாழ்வு இணைப்பில் ‘உறிஞ்சும் பசை’ என்று படித்திருக்கிறேன். ஒரு காணொளியில் ‘கரையும் சிமென்ட்’. இது மூன்றாவது, எல்லாம் ‘ரிசார்பபிள்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு. கையெழுத்துப் போட வேண்டிய தாளில் வந்ததால் சும்மா விட மனமில்லை.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். பால்பற்கள் மொத்தம் 20. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு நிலைப்பல் காத்திருக்கும். அது மேலே வர வர, பால்பல்லின் வேரை உடலின் சொந்த உயிரணுக்களே சிறுகச் சிறுகத் தின்று தீர்த்துவிடும். விழுந்த பால்பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே குடைவாக, ஓரம் சொரசொரப்பாக ஒரு சிப்பி மாதிரி இருக்கும். வேர் உள்ளே முறிந்து தங்கிவிட்டதோ என்று அம்மாக்கள் பதறுவார்கள். முறியவில்லை, கீழே வேர் என்று ஒன்று மிச்சமே இல்லை.

சரி, அப்படிப்பட்ட வேருக்குள் ஓடும் துளையில் (ஆங்கிலத்தில் ‘ரூட் கெனால்’) மருந்து வைத்து அடைத்தால், வேர் போகிற வேகத்திலேயே அதுவும் போக வேண்டும். பெரியவர்களின் பல்லில் வைக்கிற கட்டாபெர்ச்சா இங்கே பொதுவாக ஆகாது, அது போகவே போகாது. (அந்தப் பெயர் மலாய்ச் சொல், ‘கெத்தா’ என்றால் மரப்பால், பிசின். ஆங்கிலக்காரர்கள் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்கள். நாமும் விட்டுவிடலாம்.) நெடுநாளாகப் புழங்குவது துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் குழைத்த கலவை. யூஜினால் கிராம்பெண்ணெயில் இருப்பது, அதனால்தான் அந்த அறைகளில் கிராம்பு மணக்கும். இந்தக் கலவை வேரைவிட மெதுவாகப் போகும். பல் விழுந்த பிறகும் துணுக்குகள் ஈறுக்குள் தங்குவதுண்டு. அடுத்து வந்தது கால்சியம் ஹைட்ராக்சைடும் ஐயோடோஃபார்மும் சேர்ந்த மஞ்சள் பசை, ஊசிக்குழலில் தயாராகவே வரும். வேர்நுனிக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கினாலும் உடல் அதை அகற்றிவிடும். அதன் குறை நேர்மாறு: சில வேளை வேர் அப்படியே இருக்க, பசை மட்டும் உள்ளே காலியாகி வெற்றுக் குழாய் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே நிற்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் குழைத்தவையும் உண்டு.

இந்த ‘உடலால் போய்விடும்’ குணத்துக்குத்தான் ஆங்கிலத்தில் ரிசார்பபிள். லத்தீனில் ‘சோர்பேரே’ என்றால் உறிஞ்சு, ‘ரே’ என்றால் பின்னால், திரும்ப. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

இப்போது அந்த ‘மீளுறிஞ்சத்தக்க’. ‘ரே’ வந்தால் மீள், ‘ஏபிள்’ வந்தால் தக்க, நடுவில் உறிஞ்சு: சொல்லைத் துண்டு போட்டுத் துண்டுக்குத் துண்டு ஒட்டியிருக்கிறார்கள். ‘தக்க’ என்பது தமிழில் தகுதியைச் சொல்வது. போற்றத்தக்க பணி, குறிப்பிடத்தக்க வெற்றி. உறிஞ்சப்படும் தகுதி ஒரு பசைக்கு எதற்கு? மடக்கிவைக்கிற நாற்காலியை மடக்கு நாற்காலி என்றுதான் கடையில் கேட்கிறோம். மடக்கத்தக்க நாற்காலி என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ‘ஏபிள்’ வருகிற இடமெல்லாம் ‘தக்க’ போடுகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு எப்படித் தொற்றியதோ தெரியவில்லை. அது இல்லாமலே தமிழில் வினை தன் வேலையைச் செய்யும்.

‘மீளுறிஞ்சல்’ தன்னளவில் நல்ல சொல்தான். சிறுநீரகத்தில் வடிகட்டிய நீரை உடல் திரும்ப எடுத்துக்கொள்வதை அப்படிச் சொல்கிறார்கள், அங்கே பொருந்துகிறது. உடலுடையது உடலுக்கே மீள்கிறது. பால்பல் வேருக்கும் வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம், உடல் கட்டியதை உடலே திரும்ப எடுக்கிறது. ஊசிக்குழலில் வந்த பசை எப்போது உடலுடையதாக இருந்தது, மீள்வதற்கு?

அதைச் சுருக்கி ‘உறிஞ்சும் பசை’ என்றால் எழுவாயே தலைகீழ். உறிஞ்சுவது உடல், உறிஞ்சப்படுவது பசை. மை உறிஞ்சும் தாள் மையை உறிஞ்சும். அப்படியென்றால் உறிஞ்சும் பசை? தங்கை கேட்ட கேள்வி முழுக்க நியாயம்.

‘கரையும்’ என்பவர்கள் மக்கள் பக்கம் நிற்கிறார்கள், அதற்காகவே அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் மருத்துவரும் “வேர் கரையறப்ப இதுவும் கூடவே கரைஞ்சிடும்மா” என்றுதான் சொன்னார், தங்கைக்கு உடனே புரிந்தது. பேச்சுக்கு அது போதும். எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: நீரில் கரைவது இந்தப் பசைக்குக் குறை. உயிரணுக்கள் தின்று தீர்ப்பது குணம். குறைக்கும் குணத்துக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘கரையாத, ஆனால் கரையும் பசை’ என்று எழுத வேண்டி வரும். ‘தேயும்’ என்று நானே ஒருமுறை யோசித்தேன், தேய்பிறை நினைவில். பல் தேய்மானம் என்று வேறொரு நோய் இருக்கிறது, விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை ‘உள்வாங்கும்’. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று செய்தி வரும். தண்ணீர் பின்னால் போய்ப் பாறைகள் தெரியும். மழைநீரை மண் உள்வாங்கியது என்றும் சொல்கிறோம். குறைந்து பின்வாங்குவது, தனக்குள் எடுத்துக்கொள்வது, இரண்டையும் இந்த ஒரே வினை தாங்குகிறது. லத்தீன் கவிதையிலும் அலை கரையிலிருந்து பின்னிழுபடுவதற்கு அந்த ‘ரே-சோர்பேரே’யைத்தான் ஆண்டிருக்கிறார்கள்! ஆகவே ‘வேர் உள்வாங்கல்’, ‘உடல் உள்வாங்கும் பசை’. அந்த ‘உடல்’ கட்டாயம், இல்லையென்றால் பசை எதையோ உள்வாங்குவதாகிவிடும். ஈறு பின்னிறங்குவதோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு ‘ஈறு இறங்கிப்போச்சு’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

மிச்சமிருப்பதில் வேர்க்கால்வாய் இன்னொரு கொடுமை. கால்வாய் என்றால் எனக்குப் படகும் ஆகாயத்தாமரையும்தான் நினைவுக்கு வரும். ‘கெனால்’ என்பதே நாணல் என்ற பொருளுள்ள ‘கன்னா’விலிருந்து வந்தது, உள்ளே துளையுள்ள தண்டு. அதற்குக் குழல் என்ற சொல் நம்மிடம் கைவசம் இருக்க, கால்வாய் வெட்டுவானேன்? ‘நிரப்புப் பொருள்’ குடத்துக்குச் சரி. பல்லை யாரும் நிரப்புவதில்லை, அடைக்கிறோம். ‘குழல் அடைப்பு’ என்று எழுதினால் மட்டும் மாரடைப்பு நினைவு வந்துவிடும் என்பதால், அடைப்புப் பசை.

தாளில் அந்த வரியை அடித்து, மேலே பேனாவால் ‘வேர்க்குழலில், உடல் உள்வாங்கும் அடைப்புப் பசை வைக்கப்படும்’ என்று எழுதித் தங்கையிடம் கொடுத்தேன். படித்தாள், கையெழுத்துப் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், ஃபார்ம்ல கிறுக்கக் கூடாது” என்று புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.