தேவாலயச் சுவரில் சிமென்ட் வேண்டாம்

பழைய தேவாலயங்களைச் சிமென்ட் கெடுப்பதில் போன வாரம் இன்னொன்று. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு பழைய ஊர்த் தேவாலயம். 12ஆம் நூற்றாண்டு வட்டக் கோபுரம், 15ஆம் நூற்றாண்டில் சுவரை உடைத்து வைத்த பெரிய சன்னல்கள். சக்கிமுக்கிக் கல் இடுக்கெல்லாம் சாம்பல் நிற சிமென்ட்! "உள்ளே ஈரம் கட்டுகிறது, வந்து பாருங்கள்" என்கிறார்கள். கட்டாமல் என்ன செய்யும்?

சுண்ணாம்பு பலவீனம், சிமென்ட்தான் பலம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்றைய சிமென்ட்டின் மூலமான போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824இல். அதற்குள் அந்தக் கோபுரம் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் சுண்ணாம்புச் சாந்திலேயே நின்றாயிற்று. இங்கே பலத்துக்கு வேலையே இல்லை. சாந்து கல்லைவிட இளக்கமாக இருக்க வேண்டும். தேய வேண்டியது அதுதான், உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சக்கிமுக்கிக் கல்லோ தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. நனைந்த சுவர் உலர இருக்கும் ஒரே வழி சாந்து. அதையும் அடைத்தாயிற்று. மணற்கல் சுவரென்றால் இன்னும் மோசம்: ஈரம் கல் வழியாக வெளியேறும், உறைபனியில் கல்லின் முகமே உரிந்து விழும்.

உள்பூச்சைச் சுரண்டிக் கல்லைக் காட்டும் ஆசையையும் விடுங்கள். விக்டோரியா காலத்தில் இப்படிச் சுரண்டியதைப் பொறுக்காமல்தான் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார். இடைக்காலத்தில் உட்சுவர்களுக்குப் பூச்சும் உண்டு, ஓவியமும் உண்டு. சஃபோக்கின் வென்ஹாஸ்டன் தேவாலயத்தில் 1892இல் வெள்ளையடித்த பழம்பலகைகளைக் கழற்றி வெளியே போட்டார்கள். மழையில் வெள்ளை கரைந்து இறுதித் தீர்ப்பு ஓவியம் தெரிந்தது. உங்கள் ஊரிலும் மழை வந்து காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

தயவுசெய்து முதலில் கூரை வாய்க்காலில் அடைந்த இலையை அள்ளுங்கள். பாதி ஈரப் புகார் அதோடு தீரும். சுவரடியில் மண் மேடேறியிருந்தால் வெட்டி இறக்குமுன் கேளுங்கள், அடியில் கல்லறை இருக்கலாம். சாந்து வேலைக்கு முன் திருமண்டலத்தில் (ஆயர் நிர்வாகத்தில்) அனுமதி விசாரியுங்கள். இறுகப் பிடித்த சிமென்ட்டைக் கிரைண்டர் வைத்து அறுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து போகும். தளர்ந்ததை மட்டும் உளியால் எடுங்கள். குளிரில் சுண்ணாம்பு இறுகாது. நவம்பரில் தொடங்கலாம் என்கிற மேஸ்திரியை ஏப்ரல் கடந்து வரச் சொல்லுங்கள்.