ரயில் விட்டுப்போன பாதையில் சைக்கிள் ஏன் லேசாக ஓடுகிறது?

பெடல் திடீரென்று கனமாகிவிட்டது. பாதை பார்வைக்கு மேசை போலச் சமம். இரண்டு பக்கமும் மரங்கள், தொலைவில் ஒரு செங்கல் பாலம், காதில் செயின் சத்தம் மட்டும். டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கி அமுக்கிப் பார்த்தேன், கல்லாட்டம் இருந்தது. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன், பிரேக் கட்டை எங்கும் உரசவில்லை. சரி, உடம்புதான் சரியில்லை போலிருக்கிறது என்று தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டதும், மிதிக்காமலே சைக்கிள் உருள ஆரம்பித்தது.

அது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் ஏறும் சரிவு. கண்ணுக்கு அது தெரியாது. சுற்றி இருப்பவற்றோடு ஒப்பிட்டுத்தான் கண் சரிவை அளக்கிறது. அடிவானத்தை மரங்கள் மறைத்துவிட்டன, ஓரத்து வேலியும் புல்லும் அதே சரிவில் கூடவே ஏறி வருகின்றன. ஒப்பிட என்ன இருக்கிறது? தொடைக்கு மட்டும்தான் தெரியும்.

தொடை சொல்வதை எண்ணில் எழுதிப் பார்க்கலாம். ஆள், சைக்கிள், கேரியரில் தொங்கும் பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பந்தயக்காரர் அல்லாத, ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் மணிக்கணக்கில் சோர்ந்துபோகாமல் கொடுக்கக்கூடியது ஏறக்குறைய 100 வாட். நல்ல தார்ப்பாதையில், சமதரையில், காற்றடிக்காத நாளில் இந்த 100 வாட்டுக்கு மணிக்கு 20 கி.மீ. கிடைக்கும். நூற்றுக்கு ஒன்று ஏறினால் 16. நூற்றுக்கு இரண்டு என்றால் 12. மலைச்சாலைகளில் சர்வசாதாரணமான நூற்றுக்கு ஆறு வந்துவிட்டால் ஐந்தரை கி.மீ. மட்டுமே. இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவரும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வருவார்.

வேகம் இவ்வளவு குறைவதற்குக் காரணம், சமதரையில் சைக்கிளை எதிர்க்கும் விசைகள் மிகச் சின்னவை. மணிக்கு 18 கி.மீ. போகும்போது டயர் உருளுவதில் சுமார் 6 நியூட்டன் (ஒரு கிலோவைத் தூக்கிப் பிடிக்க ஏறக்குறைய 10 நியூட்டன் விசை வேண்டும்), காற்றைப் பிளப்பதில் சுமார் 9 நியூட்டன், மொத்தம் 15. நூற்றுக்கு ஆறு சரிவில் புவியீர்ப்பு மட்டுமே 59 நியூட்டன் பின்னால் இழுக்கும்.

"ஏறியதெல்லாம் இறக்கத்தில் திரும்பக் கிடைக்குமே?" என்று யாராவது எப்போதும் கேட்பார்கள். கிடைக்காது. 10 கி.மீ. தூரத்தை மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏற 100 நிமிடம் ஆகும். அதே தூரத்தை 36 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 17 நிமிடத்தில் முடிந்துவிடும். சராசரி வேகம் மணிக்கு 10 கி.மீ.தான்.

இனி ரயிலுக்கு வருவோம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை, எடையில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். 1000 டன் ரயிலைச் சமதரையில் மெதுவாக நகர்த்த 2 டன் இழுவிசை போதும் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று ஏறினால் கூடுதலாக 10 டன் வேண்டும்: மொத்தம் 12, அதாவது ஆறு மடங்கு. அதே ஏற்றத்தில் சைக்கிளுக்கு 15 நியூட்டன் 25 ஆகிறது, இரண்டு மடங்குகூட இல்லை. நமக்குக் கண்ணில் படாத மேடு ரயிலுக்கு மலை. போதாக்குறைக்கு, தடை குறைந்த அந்த எஃகுக்குப் பிடிமானமும் குறைவு. ஈரத்திலோ நசுங்கிய இலைச் சருகிலோ இஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும்.

அதனால்தான் பழைய ரயில் பொறியாளர்கள் சரிவுக்குப் பயந்து பயந்து பாதை போட்டார்கள். முடிந்த இடத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குள், மலைப்பாங்கான இடத்தில் நூற்றுக்கு இரண்டு வரை. குறுக்கே மேடு வந்தால் வெட்டினார்கள். வெட்டிய மண்ணை அடுத்த பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்பினார்கள். இரண்டும் சமமாக வரும்படி திட்டமிட்டால் மண்ணை வெளியே கொண்டுபோகவும் வேண்டாம், வெளியிலிருந்து வாங்கவும் வேண்டாம். வெட்ட முடியாத மலையைக் குடைந்தார்கள், நிரப்ப முடியாத பள்ளத்தாக்கில் பாலம் கட்டினார்கள். சாலைகளைப் பல இடங்களில் மேலேயோ கீழேயோ கடத்திவிட்டார்கள். இன்று சைக்கிளில் போகிறவர் லாரியைச் சந்திக்காமல் போவது அந்தப் பழைய பாலங்களின் தயவில்தான். சாலை போட்டவர்களுக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. மாட்டையும் குதிரையையும் மூச்சு வாங்க நிறுத்தி ஏற்றலாம் என்று மேட்டின் மேலேயே போட்டுவிட்டார்கள்.

கைவிடப்பட்ட தடங்களைச் சைக்கிள் பாதையாக்கும் வேலை 1960களிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் - ஸ்பார்ட்டா பாதை அந்தக் காலத்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையிலான 21 கி.மீ. பாதையை 1979 முதல் 1986 வரை அமைத்தார்கள். ஸ்பெயின் 1993இல் 'பசுமைப் பாதைகள்' என்று ஒரு தேசியத் திட்டமே கொண்டுவந்தது. எனக்கு மிகப் பிடித்தது ஃபென்பான்: ஜெர்மனியின் ஆஹனிலிருந்து பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க்கின் வட கோடி வரை 125 கி.மீ. முதல் உலகப் போருக்குப் பின் இந்தத் தடத்தைப் பெல்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டதால், ஜெர்மானிய நிலத்தின் நடுவே சில மீட்டர் அகலத்துக்குப் பெல்ஜியம் ஒரு நாடா போல ஓடுகிறது. தண்டவாளம் போன பிறகும் அந்த எல்லைக்கோடு போகவில்லை.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரிவை வகுத்தது பொறியாளர் அல்ல, தண்ணீர். ஊற்றுப் பக்கத்தில் செங்குத்தாக இறங்கும் ஆறு, கீழே வரவர நீர் பெருகிச் சரிவைத் தணித்துக்கொண்டே போகும். ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை தன்யூப் ஆறு ஏறக்குறைய 300 கி.மீ. ஓடியும் சுமார் 140 மீட்டர்தான் இறங்குகிறது. ஆனால் ஆற்றை ஒட்டிய பாதையெல்லாம் சமமாக இருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். பாறை நீட்டிக்கொண்டு வரும் இடத்தில் ஆறு சுற்றிப் போகும், சாலை ஏறிக் குதிக்கும். தன்யூப் கரை இதமாக இருப்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் படகுகளைக் குதிரை கட்டி நீரோட்டத்துக்கு எதிராக இழுத்தார்கள். குதிரை நடக்க நீரை ஒட்டியே வழி வெட்ட வேண்டியிருந்தது. கால்வாய் இன்னும் விசித்திரம். வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை போகும் செசபீக் - ஒஹாயோ கால்வாய் 297 கி.மீ. நீளம். அதன் ஏற்றமெல்லாம் 74 இடங்களில், படகை உள்ளே விட்டு நீரை நிரப்பித் தூக்கும் கதவுத் தொட்டிகளில் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கோவேறு கழுதைகள் படகை இழுத்த கரைதான் இன்று சைக்கிள் பாதை. நெடுந்தூரம் சமம், தொட்டி வந்ததும் இரண்டு மூன்று மீட்டர் குட்டி ஏற்றம், மறுபடி சமம்.

சரிவைப் போலவே தரையும் ஆளை ஏய்க்கும். டயரின் உருளல் தடையையும் எடையில் ஒரு பங்காகத்தான் சொல்கிறோம் என்பதால், அதைச் சரிவாகவே படிக்கலாம். நல்ல தாரில் அது ஆயிரத்தில் 6. இளகிய சரளையில் 12 ஆகலாம். அந்தக் கூடுதல் 6, நாள் முழுக்க நூற்றுக்கு 0.6 மேடு ஏறுவதற்குச் சமம். ரயில் பாதையின் பெரிய ஜல்லி மேல் சைக்கிள் ஓடாது என்பதால், அதை அகற்றியோ மூடியோ மேலே கல்தூள் பரப்பி, நீர் தெளித்து உருளையால் அமுக்குவார்கள். உடைத்த கல்லின் தூளுக்கு முனைகள் இருப்பதால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். ஆற்று மணலும் கூழாங்கல்லும் உருண்டை, எவ்வளவு அமுக்கினாலும் புரளும். கரடான தரையில் டயரைக் கல்லாட்டம் வைத்துக்கொள்வது (நான் வைத்திருந்தது போல) தவறு. ஒவ்வொரு கல்லும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போட, அந்த ஆற்றல் உடம்பின் குலுக்கத்தில் வீணாகும். கொஞ்சம் காற்றைக் குறைத்தால் கல்லை டயரே விழுங்கிக்கொள்ளும்.

சமதரையிலும் ஒரு மேடு உண்டு: எதிர்க்காற்று. மணிக்கு 18 கி.மீ. போகிறவருக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், காற்றுத் தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 9 நியூட்டன் 36 ஆகும். ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று சரிவு ஏறுவதுபோல. காட்டுக்குள் நுழைந்ததும் சைக்கிள் தானாக வேகம் பிடிப்பது இதனால்தான். மரங்கள் காற்றின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. மலைப் பள்ளத்தாக்கில் காற்றுக்கு நேர அட்டவணையும் உண்டு. வெயிலில் சூடான சரிவுகளிலிருந்து காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கில் ஏறிவரும். தெளிந்த நாளில் பிற்பகலில் இது பலமாக வீசும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே வழியும். ஆற்றின் போக்கிலே இறங்குகிறவர் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மாலையில் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும்.

கம்பர்லாந்தில் அந்தக் கால்வாய்க் கரை முடிய, கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற பழைய ரயில் தடம் தொடங்கி 240 கி.மீ. தள்ளி பிட்ஸ்பர்க் போகிறது. முதல் 38 கி.மீ.யில் சுமார் அரை கி.மீ. உயரம் ஏறி, 729 மீட்டரில் நீர்ப்பிரிமுகட்டை, அதாவது மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் உச்சியைத் தொடும். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம், பிக் சாவேஜ். அதன் இரு வாய்க்கும் கதவு போட்டு, குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். கசியும் நீர் உறைந்தால் பருமன் ஒன்பது சதவீதம் கூடிச் சுவரைப் பிளக்கும்.

மேற்கிலிருந்து, அதாவது பிட்ஸ்பர்க் பக்கமிருந்து வருகிறவருக்கு அந்த 38 கி.மீ.யும் இறக்கம். செங்குத்தான மலைச்சாலையில் நூற்றுக்கு ஆறு இறங்கினால், சைக்கிள் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் பாயப் பார்க்கும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டும், பாடுபட்டு ஏறியதில் ஒரு பங்கு சூடாகிப் பிரேக் கட்டையில் போய்விடும். இங்கே சரிவு நூற்றுக்கு ஒன்றரையை ஒட்டி. இறுகிய கல்தூளில் புவியீர்ப்பும் தடையும் மணிக்கு 16 கி.மீ. வாக்கில் சமன்பட்டு நின்றுகொள்ளும். பிரேக்கும் வேண்டாம், பெடலும் வேண்டாம். கைப்பிடியை லேசாகத் தொட்டபடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே வரலாம்.