டெலாவேரில் பதிவு செய்தால் அமெரிக்காவில் விற்றதாகாது

சேலத்தில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் தம்பிகள் ஆடிட்டரான என்னைத் தேடி வரும்போது முதலில் மேசைமேல் வைப்பது ஒரே காகிதத்தைத்தான். அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் நிறுவனம் பதிவு செய்த சான்றிதழ். இணையத்தில் சில நூறு டாலர் கட்டி வாங்கியது. "அமெரிக்காவில் கால் பதித்துவிட்டோம் சார்" என்கிறார்கள். அங்கே எத்தனை வாடிக்கையாளர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை.

போன மாதம் ஜாகீர் அம்மாபாளையத்திலிருந்து வந்த கோப்பில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பொருளும் நல்ல பொருள். ஆனால் அவர்கள் கட்டும் பணம் டெலாவேர் நிறுவனத்தின் கணக்கில் விழுகிறது. சம்பளத் தேதிக்கு முன்னால் அங்கிருந்து 5,000 டாலர், 8,000 டாலர் என்று ரவுண்டான தொகையாகச் சேலம் கணக்குக்கு வருகிறது. ஒன்றுக்கும் பில் இல்லை. இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. பணம் எதற்காக வருகிறது என்று குறிக்க வங்கி கேட்ட பர்ப்பஸ் கோடுக்கு ஒரு மாதம் மென்பொருள் சேவை என்றும் மறுமாதம் வேறொன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது வருமானமா, கடனா, முதலீடா? "எல்லாம் எங்கள் பணம்தானே சார்" என்றார்கள். இல்லை, தம்பி. சட்டத்தின் முன் அவை இரண்டு தனி நிறுவனங்கள். அவற்றுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு சிறியதானாலும் சந்தை விலையில் நடந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் ஆடிட்டர் அறிக்கையும் வேண்டும்.

வெளிநாட்டாருக்கு விற்க வெளிநாட்டில் நிறுவனம் வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வேண்டியதில்லை. சேலத்தில் பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனமே சிகாகோவில் இருப்பவருக்கு டாலரில் பில் போடலாம். பணம் நேராக இங்குள்ள வங்கிக் கணக்குக்கு வரலாம். சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். எல்யூடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் இணையத்தில் தாக்கல் செய்தால் போதும், 18 சதவீத வரியை முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டு அலைய வேண்டியதில்லை. அலுவலக வாடகைக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக்கூடத் திரும்பப் பெறலாம். அமெரிக்க வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு நீங்கள் வெளிநாட்டு நிறுவனம் என்று உறுதிசெய்யும் டபிள்யூ-8பென்-இ படிவம் கேட்கும். நிரப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர் பக்கம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் டெலாவேரில்தானே பதிவாகியிருக்கிறது என்று உடனே கேட்பார்கள். ஆம். வெளிநாட்டு முதலீடு திரட்டி, 2021-இல் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் அது. ஆனால் அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு பள்ளி. அந்தப் பள்ளி பொருளைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கும், பதிவு எண்ணைப் பார்த்து அல்ல. முதலீட்டாளர் கேட்டால், அல்லது பெரிய வாடிக்கையாளர் உள்ளூர் நிறுவனத்தோடுதான் ஒப்பந்தம் என்று எழுத்தில் சொன்னால், அப்போது பதிவு செய்யுங்கள். நானே கூட இருந்து செய்து தருகிறேன்.

காரணமில்லாமல் பதிவு செய்தால் என்ன ஆகும்? அமெரிக்க நிறுவனத்தில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருந்து, அவர்களோடு பண நடமாட்டமும் இருந்தால், அமெரிக்க வரித்துறையிடம் 5472 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலரில் தொடங்குகிறது. இங்கே நம் பக்கம், பங்கு வாங்கப் பணம் அனுப்பும்போதே வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மறந்துவிடுவது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவதில் போய் முடிகிறது. வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியிலும் அந்தப் பங்குகள் இருக்க வேண்டும்.

"டெலாவேரில் விற்பனை வரியே இல்லையே" என்பது அடுத்த சமாதானம். உண்மைதான், அங்கே இல்லை. ஆனால் வரி பார்ப்பது வாங்குபவர் இருக்கும் இடத்தை. 2018-இல் சவுத் டகோட்டா வழக்கில் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தன் எல்லைக்குள் அலுவலகமே இல்லாத விற்பனையாளரிடமும் ஒரு மாநிலம் வரி கேட்கலாம். டெக்சாஸ் இணையவழி மென்பொருளுக்கு வரி விதிக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் அங்கே விற்றால் பதிவு செய்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபருக்கு இங்கிருந்து மென்பொருள் விற்றால் வரம்பே கிடையாது, முதல் யூரோவிலிருந்தே வாட் உண்டு. அங்குள்ளவர்களுக்கு விற்று அவர்களின் விவரங்களைச் சேகரித்தால், சேலத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாட்டுக் கொடியை இணையதளத்தில் போடாதீர்கள். அந்த நாட்டில் பத்து வாடிக்கையாளர்கள் பணம் கட்டிப் புதுப்பிக்கும்வரை அடுத்த நாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். சேலம் ஃபேர்லாண்ட்ஸில் ஒரு சிறு நிறுவனம் துபாயில் உள்ள பல் மருத்துவமனைகளுக்கு மட்டும் மென்பொருள் விற்கிறது. அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியபோது தங்கள் உதவி மையத்தின் நேரத்தையும் மாற்றினார்கள். அழைத்தால் ஆள் எடுக்கிறார். பில் சேலத்திலிருந்தே போகிறது. அவர்களுடைய கணக்கை முடிக்க எனக்கு அதிக நேரம் ஆவதில்லை.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயந்து ஒளியாதீர்கள். அந்த நிறுவனத்தை அப்படியே கைவிட்டுவிடவும் வேண்டாம், டெலாவேரின் ஆண்டுக் கட்டணமும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும். பதிவுச் சான்றிதழ், பங்குச் சான்றிதழ், இரு பக்கத்து வங்கி அறிக்கைகள், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், முதலில் பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள். தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்யும் வழி ரிசர்வ் வங்கி விதிகளிலேயே இருக்கிறது. நோட்டீஸ் வருவதற்கு முன்னால் போங்கள்.