12 கடல் மைலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: மீனவர் மனு எங்கே போக வேண்டும்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் காலையில் இறங்கி மதியம் கரையேறும் வள்ளமும், தூத்தூர்க்காரர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல் படகும் ஒரே கடலில்தான் ஓடுகின்றன. ஆனால் அரசமைப்புச் சட்டப்படி அந்தக் கடல் இரண்டு அரசுகளின் பொறுப்பு. கரையோரத்திலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் விஷயம். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை ஒன்றிய அரசின் விஷயம்.

இந்தப் பங்கீடு ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அதில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று. மாநிலப் பட்டியலின் 21ஆவது இனம் மீன்வளம். ஒன்றியப் பட்டியலின் 57ஆவது இனம் 12 கடல் மைல் எல்லைக்கு வெளியே உள்ள மீன்பிடிப்பு. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த 21ஆவது இனத்தின் பலத்தில் வந்ததுதான்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். 12 மைலுக்கு உள்ளே மாநிலம் உத்தரவிட வேண்டும், வெளியே ஒன்றியம் உத்தரவிட வேண்டும். இருவரும் ஒரே தேதியைச் சொன்னால்தான் தடை கடல் முழுக்க ஒன்றாக இருக்கும், அப்படித்தான் அறிவிக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரை. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் முதல் இரண்டு வாரம் மாவட்டத்தின் இரு பக்கத்து விசைப்படகுகளும் கரையில்தான்.

படகுப் பதிவில் மக்கள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. ஒன்றியச் சட்டப்படி செய்யும் பதிவையும் மாநில மீன்வளத்துறை அலுவலர்தான் செய்து தருகிறார். ஒன்றியத்தின் வேலையை மாநில அலுவலரிடம் ஒப்படைக்க அரசமைப்பின் 258ஆவது உறுப்பு இடம் கொடுக்கிறது. அதனால் பதிவுக்கு நீங்கள் டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை.

சரி, ஆபத்து என்றால்? 1554 என்பது இந்தியக் கடலோரக் காவல் படை, ஒன்றிய அரசுடையது. ஆழ்கடலில் தேட கப்பலும் விமானமும் அவர்களிடம் உண்டு. 1093 என்பது மாநிலக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், நாம் மெரைன் போலீஸ் என்று சொல்வது. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இந்தப் பிரிவினை எங்கள் கரையோரத்தை எவ்வளவு வதைத்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தேடுவது ஒரு அரசின் கப்பல், நிவாரணம் தருவது இன்னொரு அரசின் அலுவலகம். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. மக்கள் கடைசியில் குழித்துறை ரயில் நிலையத்தில் போய்ப் போராட்டமாக உட்கார்ந்தார்கள். அதைத் தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசம் உள்ள தியாகோ கார்சியா தீவுப் பக்கம் நம் படகு பிடிபட்டால் முதலமைச்சர் ஏன் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு உறவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. வேறொரு நாட்டோடு நேரடியாகப் பேச மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. எனவே அந்த விஷயத்தில் கிள்ளியூர் சட்டமன்ற உறுப்பினரிடம் மட்டும் மனு கொடுத்தால் போதாது. கன்னியாகுமரி மக்களவை உறுப்பினரிடமும் கொடுங்கள், அவரால் நாடாளுமன்றத்திலேயே கேள்வி கேட்க முடியும். தடைக்கால நிவாரணம், துறைமுகத்தில் மண் சேர்வது, வலை சேதம் போன்றவற்றுக்கு மீன்வளத்துறையும், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டமும்.

மனுவுக்குப் பதிலே வரவில்லை என்றால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். கடலில் காணாமல் போனவரைத் தேடும் விவரம் கேட்கும்போது 'இது உயிர் சம்பந்தப்பட்ட தகவல்' என்ற வரியை மறக்காமல் எழுதுங்கள். "என் இந்தத் தேதி மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று நேராகக் கேளுங்கள். இந்தத் தகவல் மனு அலுவலகம் மாறிப் போனால், அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன தகவல் மனு மாநில விஷயமாக இருந்தால், அனுப்ப வேண்டியதில்லை, மனுதாரருக்குச் சொன்னால் போதும் என்கிறது ஒன்றிய அரசின் வழிகாட்டுதல். நாள் வீணாவது இங்கேதான். சந்தேகமாக இருந்தால் ஒரே நாளில் இரண்டு தகவல் மனு எழுதி, ஒன்றை ஒன்றிய மீன்வளத்துறைக்கும் இன்னொன்றை மாநில மீன்வளத்துறைக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இரண்டு ரசீதையும் படகுப் பதிவுச் சான்றோடு ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.