ரிலீஸ் குளோஸ்: விடுவிப்பும் முறிப்பும்

ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களின் இடமாற்றக் காலம் தொடங்கிவிட்டால், முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மாலைப் பயிற்சி முடித்து மைதான ஓரத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர்களின் பேச்சில் ‘ரிலீஸ் குளோஸ்’ (release clause) என்ற தொடர் அடிபடத் தொடங்கும். நட்சத்திர வீரர் ஒருவருக்கும் அவருடைய கழகத்துக்கும் மூளும் ஒப்பந்தப் பிணக்குகளில் பல இந்தத் தொடரைச் சுற்றியே நடப்பதால், அதன் பொருளையும் பிறப்பையும் தெளிவாக அறிவது பயனுள்ளது.

தொழின்முறை வீரர் ஒருவர் ஒரு கழகத்துடன் குறித்த காலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். அக்காலம் முடியுமுன் அவர் வேறு கழகத்துக்குச் செல்ல விரும்பினால், இரு கழகங்களும் பேசி ஒரு தொகைக்கு இணங்க வேண்டும். அவ்வாறு பேசி இணங்கும் தேவை எழாதபடி, ‘இன்ன தொகை கிடைத்தால் வீரர் செல்லலாம்’ என்று ஒப்பந்தத்தில் முற்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாடுதான் ரிலீஸ் குளோஸ். இதனை ‘வெளியீட்டு விதி’ என்றும் ‘வெளியீட்டுப் பிரிவு’ என்றும் எழுதுவது பொருந்தாது. நூலும் திரைப்படமும் வெளியிடப்படும், மனிதர் வெளியிடப்படுவதில்லை. விதி என்பதும் மேலிருந்து விதிக்கப்படுவது; இங்கு உள்ளதோ இரு தரப்பும் ஒப்பிக் கையெழுத்திட்டது.

‘குளோஸ்’ என்று நாம் ஒலிக்கும் ஆங்கிலச் சொல், மூடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வாக்கியம் முடிந்து மூடும் பகுதியைச் சுட்டிப் பின்னர் சட்ட ஆவணத்தின் தனித்தனிக் கூறுகளுக்குப் பெயராயிற்று. ‘ரிலீஸ்’ என்பது தளர்த்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் இந்த ஏற்பாடு பெரும் புகழ் பெற்ற ஸ்பெயினில் இதற்கு வழங்கும் பெயர் ‘கிளௌசுலா தெ ரெஸிஸியோன்’ என்பதாகும். அதிலுள்ள ‘ரெஸிஸியோன்’, வெட்டி நீக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒரு மொழி கட்டைத் தளர்த்துவதாகச் சொல்ல, மற்றது கட்டை வெட்டுவதாகச் சொல்கின்றது. இரண்டு நாட்டு நடைமுறைகளும் உண்மையிலேயே அவ்வாறுதான் வேறுபடுகின்றன என்பதே தமிழ்ச் சொல்லைத் தேடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது.

ஸ்பெயினில் தொழின்முறை விளையாட்டு வீரர்களின் வேலை உறவை 1985 ஜூன் 26ஆம் திகதிய 1006ஆம் இலக்க அரச ஆணை ஒழுங்குபடுத்துகின்றது. கழகத்தின் பக்கம் எந்தத் தவறும் இல்லாதபோதும் வீரர் தம் விருப்பத்தின்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும், அவ்வாறு செய்தால் கழகத்துக்கு நட்டஈடு பெறும் உரிமை உண்டென்றும், தொகை பற்றிய முன்னிணக்கம் இல்லாவிடில் தொழில் நீதிமன்றம் அதனைத் தீர்மானிக்கும் என்றும் அதன் 16ஆம் உறுப்புரை கூறுகின்றது. நீதிமன்றத்தின் கணிப்புக்குக் காத்திருக்க விரும்பாத கழகங்கள் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதின; தாம் இழக்க விரும்பாத வீரருக்கு எவராலும் எளிதில் தர முடியாத தொகையை எழுதின. இவ்வகையில், வீரர் வெளியேறுவதற்கெனச் சட்டம் திறந்துவைத்த வழியே வீரரைத் தடுத்துவைக்கும் மதிலாகவும் ஆகிவிட்டது. இது வருந்தத்தக்கது என்றே நான் கருதுகிறேன்.

அந்த மதிலையும் தாண்டிய நிகழ்ச்சி 2017 ஆகஸ்டில் நடந்தது. பார்சிலோனாவில் விளையாடிய நெய்மாருக்கு எழுதப்பட்டிருந்த தொகை 222 மில்லியன் யூரோ. அவர் பாரிஸ் சென் ஜெர்மன் கழகத்துக்குச் செல்ல முடிவெடுத்தபோது, அவருடைய சட்டத்தரணிகள் அத்தொகையைச் செலுத்துவதற்கு ஸ்பெயினின் முதல்தரக் கழகப் போட்டிகளை நடத்தும் லா லிகா அமைப்பின் அலுவலகத்துக்குச் சென்றனர். லா லிகா அதனை ஏற்க மறுத்ததும், பார்சிலோனா கழகத்திடமே நேரில் செலுத்தினர். அதனுடன் ஒப்பந்தம் முடிந்தது. பார்சிலோனா இணங்கியதா என்ற கேள்விக்கு அங்கு இடமே இருக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் ஈட்டைச் செலுத்தி ஒப்பந்தத்தை முறித்தவர் வீரரே. நெய்மாரைப் பார்சிலோனா விடுவித்தது என்று எழுதினால், நடந்ததற்கு நேர்மாறானதை எழுதியவராவோம்.

இங்கிலாந்தில் இத்தகைய ஆணை கிடையாது. அங்கு இந்த ஏற்பாடு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டியதுமில்லை. இருக்குமிடத்தில், இன்ன தொகைக்கு மற்றொரு கழகம் முன்வந்தால் தம் வீரரை விடுவோம் என்று கழகம் அளிக்கும் வாக்குறுதியாகவே அது அமைகின்றது. ஆகவே எழுதிய சொற்களே எல்லாவற்றையும் முடிவு செய்யும். 2013இல் லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸுக்கு ஆர்சனல், ஒப்பந்தத்தில் எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்த 40 மில்லியன் பவுணுக்கு மேல் ஒரேயொரு பவுண் சேர்த்து விலை கூறியது. அந்த எல்லையைத் தாண்டிய விலை வந்தால் தாம் செல்லலாம் என்பது வீரர் பக்கத்தின் நிலைப்பாடு. பேச்சு நடத்த மட்டுமே கடமை உண்டு என்பது மறுதரப்பின் வாசிப்பு. சுவாரஸ் அந்தப் பருவம் முழுவதும் லிவர்பூலிலேயே விளையாடி, 2014இல் பார்சிலோனாவுக்குச் சென்றார். அத்தகைய ஏற்பாடு இருந்தது என்றும், ஆயினும் விற்பதில்லை என்று தாம் முடிவு செய்ததாகவும் லிவர்பூல் உரிமையாளர் ஜோன் ஹென்றி பின்னர் வெளிப்படையாகவே கூறினார். கழகம் மனம்வைத்து விட வேண்டிய இடத்தில் அது விட மறுத்தால், வீரர் வழக்கைத்தான் நாட வேண்டியிருக்கும். அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் கரைந்துவிடும்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘விடு’ என்னும் வேரிலிருந்து நமக்கு இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன. ஒருவர் தாமே ஓரிடத்தை விட்டுச் செல்வது விடுகை. பாடசாலையிலிருந்து விலகும் பிள்ளைக்குத் தரப்படும் விடுகைப் பத்திரத்தில் அச்சொல்லை இங்கே எல்லோரும் கண்டிருப்போம். பிறவினையாகிய ‘விடுவி’யிலிருந்து வருவது விடுவிப்பு, பிடித்துவைத்திருக்கும் ஒருவர் தம் பிடியை நீக்குவது அது. வன்னி வாசகருக்கு இச்சொல்லின் பொருளை அகராதி கொண்டு விளக்க வேண்டியதில்லை. கேப்பாப்புலவிலும் பிலக்குடியிருப்பிலும் மக்கள், படையினர் பிடித்துவைத்திருந்த தம் சொந்தக் காணிகளுக்காக வீதியோரத்தில் இருந்து கேட்டது காணி விடுவிப்பைத்தான். பிடி யாரிடம் இருக்கின்றதோ அவர்தான் விடுவிக்க முடியும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது. இங்கிலாந்து வகை ஏற்பாட்டுக்கு இதுவே மிகப் பொருத்தமான சொல். எழுதப்பட்ட கூறினை ‘விடுவிப்பு வாசகம்’ என்றும், அதிலுள்ள பணத்தை ‘விடுவிப்புத் தொகை’ என்றும் வழங்கலாம். இலங்கைச் சட்டமூலங்களின் தமிழில் ‘வாசகம்’ ஏற்கெனவே இப்பொருளில் வழங்குவதால் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

‘மீட்புத் தொகை’ என்று சொன்னால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒற்றிக்கு வைத்த வயலை உரிய பணத்தைக் கொடுத்து மீட்பது நமக்குப் பழகிய நடைமுறையாதலால், இந்த யோசனை இயல்பாகவே தோன்றும். எனினும் மீட்கப்படுவது வயல். மீட்பவர் அதன் உரிமையாளர். வீரர் எவருடைய உடைமையும் அல்லர் என்பதை நிலைநாட்டவே இத்துறையில் நீண்ட வழக்குகள் நடந்தன. 1963இல் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் வீரரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பின்பும் வீரரைப் பிடித்துவைக்க இடமளித்த ஆங்கிலேய முறை நியாயமற்ற தொழிற்தடை எனத் தீர்க்கப்பட்டது. 1995 டிசெம்பரில் பெல்ஜிய வீரர் போஸ்மனின் வழக்கில் வந்த தீர்ப்பு, ஒப்பந்தக் காலம் முடிந்த வீரருக்காக ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இடமாற்றப் பணம் கேட்பதை நிறுத்தியது. அவ்வழக்குகளுக்குப் பின்னரும் வீரரை ஈடுவைத்த பொருளாகக் காட்டும் சொல்லை நாம் ஏற்பது தகாது.

ஸ்பெயின் வகைக்கு ‘முறிப்பீடு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். இழப்புக்கு ஈடு இழப்பீடு ஆனதுபோல, முறிப்புக்கு ஈடு முறிப்பீடு ஆகும். ‘இடு’ என்னும் வினையின் முதல் எழுத்து நீண்டு ‘ஈடு’ ஆகியது. ஒன்றுக்குச் சமமாக இடப்படுவது என்ற பொருள் அதில் தெளிவாக உள்ளது. இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பழைய வழக்கில் ‘முறி’ என்பது எழுதிக்கொடுத்த பத்திரத்தையும் குறிக்கும்; திறைசேரி முறி, பிணைமுறி என்னும் சொற்களில் அப்பொருள் இன்றும் வழங்குகின்றது. ஆனால் ‘முறிப்பு’ என்று வரும்போது உடைத்தற்பொருள் ஐயமின்றி நிற்பதால் குழப்பம் நேராது.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகையும் உண்டு. 2020 ஆகஸ்ட் 25ஆம் திகதி லியோனல் மெஸ்ஸி பார்சிலோனாவுக்கு அனுப்பிய ‘புரோபக்ஸ்’, அதாவது உள்ளடக்கத்துக்கும் அஞ்சலகம் சான்றளிக்கும் ஒருவகைப் பதிவு மடல், எந்தத் தொகையையும் தர முன்வரவில்லை. பருவ முடிவில் பணமின்றி விலகிக்கொள்ளும் உரிமை தம் ஒப்பந்தத்தில் உள்ளது என்பதே அவருடைய வாதம். அவ்வுரிமையைப் பயன்படுத்தும் இறுதி நாள் ஜூன் 10 உடன் கடந்துவிட்டது என்றது கழகம். கொரோனாப் பெருந்தொற்றால் அந்தப் பருவம் ஆகஸ்டில்தான் முடிந்தது என்றது மெஸ்ஸியின் தரப்பு. 700 மில்லியன் யூரோ செலுத்தினாலன்றி விலக முடியாது என்று லா லிகாவும் அறிவித்தது. கழகத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க விரும்பாத மெஸ்ஸி, செப்டெம்பர் 4ஆம் திகதி தாம் தங்கிவிடுவதாக அறிவித்தார். அந்தப் பிணக்கில் 700 மில்லியன் என்பது முறிப்பீடு; மெஸ்ஸி சுட்டிய ஏற்பாட்டை ‘விலகல் வாசகம்’ என்று தனியாகக் குறிப்பதே சரி. இரண்டையும் ரிலீஸ் குளோஸ் என்று ஒரே பெயரால் எழுதிய செய்திகளைப் படித்தவர்களுக்கு, இரு தரப்பும் எதைப் பற்றி வாதிட்டன என்பதே பிடிபட்டிராது.