வளர்ச்சி ஊசி போட்டும் சட்டை ஏன் சின்னதாகவில்லை?

காசிமேட்டிலிருந்து வந்த அந்த அம்மா, பையிலிருந்து பள்ளிச் சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். "ஒண்ணாவதுல தச்சது டாக்டரம்மா. இப்ப நாலாவது. இன்னும் இதையேதான் போடறான்."

பையனுக்கு ஒன்பது வயது. வேறோர் இடத்தில் எழுதிக் கொடுத்த வளர்ச்சி ஹார்மோன் ஊசியை ஒரு வருஷமாக ராத்திரி தவறாமல் போட்டிருக்கிறார்கள். மீன் விற்ற காசோடு நகையும் அடகுக்குப் போய்விட்டது. முதல் ஊசிக்கு முன்னால் அவன் ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு என்று யாருமே பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அதிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் கிளம்பும். கல்லீரலில் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஏற்பி உண்டு. பிடித்ததும் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து அனுப்பும். எலும்பின் முனைக்கருகே உள்ள வளர்ச்சித் தட்டில், குருத்தெலும்பு செல்கள் அடுக்கி வைத்த நாணயம் போல வரிசை கட்டிப் பெருகுவது இவற்றின் தூண்டுதலால்தான். அந்தச் செல்கள் ஊதிப் பெருத்து, பிறகு எலும்பாக இறுகும். பிள்ளை உயரும்.

ஊசியை நிறுத்திச் சில வாரம் கழித்துச் சோதித்தோம். வளர்ச்சி ஹார்மோன் ஏராளம்; ஐ.ஜி.எஃப்-1 அடிமட்டம். ஏற்பியிலேயே பழுது என்று மரபணுச் சோதனையும் சொன்னது. இஸ்ரேல் டாக்டர் ஸ்வி லாரோனும் குழுவினரும் 1966-ல் பதிவு செய்த லாரோன் நோய்க்குறி இது. இவனுக்கு இன்னும் நூறு ஊசி போட்டாலும் பிடித்துக்கொள்ள ஆளில்லை. தேவைப்படுவது ஐ.ஜி.எஃப்-1 ஊசி. அதை வரவழைப்பது சுலபமில்லை. போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கும் என்பதால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். "உன் வயித்துக் கோளாறு" என்று மாமியார் சொன்னதைச் சொல்லும்போது அந்த அம்மா தலை நிமிரவில்லை. அந்த ஏற்பிக்கான மரபணுவின் பழுதான பிரதி இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்தால்தான் இந்த நோய் வரும் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. கணவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுரப்பே குறைந்த பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி நன்றாகவே வேலை செய்யும். வளர்ச்சித் தட்டு மூடுவதற்குள் தொடங்க வேண்டும். கை கால் மட்டும் குட்டையாக இருக்கும் அகாண்ட்ரோபிளேசியாவில் ஹார்மோனில் குறையே இல்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்-3 என்ற ஏற்பி, அழுத்திய பிரேக் போல வளர்ச்சித் தட்டைத் தடுத்து நிறுத்துகிறது. அதற்கான வோசோரிடைட் மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி கொடுத்தன.

நாலு வயதுக்குப் பிறகு பிள்ளை வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டராவது வளர வேண்டும். வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டருக்கும் கீழே போனால் சத்துப் பவுடர் டப்பா வாங்காமல் டாக்டரிடம் வாருங்கள். இடது கை எக்ஸ்ரே ஒன்றும் ரத்தச் சோதனையும் எடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வளர்ந்த பிறகும் 147 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்றிருந்த தங்கச்சிப் பாப்பாவை உள்ளே இழுத்தார். "இவளையும் பார்த்துடுங்க." செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரில் சாய்த்து, பென்சிலால் கோடு போட்டேன்.