ஆம்பளைப் பையனுக்கு எதுக்கு ரூபெல்லா ஊசி?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட ஆரம்பித்தபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளிகள் நினைவிருக்கிறதா? அவற்றை விடுங்கள். அந்தக் களேபரத்துக்கு நடுவே என் அக்கா உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள்: "மாசமா இருக்கிறவங்களுக்கு வந்தாத்தானே ஆபத்துங்கிறாங்க, என் பையனுக்கு எதுக்கு?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ரூபெல்லா பார்க்க ரொம்பச் சாது. தொற்று உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளிகளில் வைரஸ் வந்து, மூக்கிலும் தொண்டையிலும் பெருகி, அப்புறம் இரத்தத்தில் கலக்கும். இரண்டு வாரம் போல ஒன்றுமே தெரியாது. பிறகு லேசாகக் காய்ச்சல், முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடரைப் போட்டுவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம், மூன்று நாளில் அதுவும் மறைந்துவிடும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விரல் வைத்துத் தடவிப் பார்த்தால் பட்டாணி பட்டாணியாக நெறி கட்டியிருக்கும், அழுத்தினால் வலிக்கும். கவனித்துப் பார்க்கிற டாக்டருக்கு அதுதான் துப்பு. நூறு பேருக்குத் தொற்றினால் 25 முதல் 50 பேருக்கு இந்த அறிகுறி எதுவுமே இருக்காது. ஆனால் பரப்புவார்கள். தடிப்பு வருபவர்களும் அது தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தச் சாது வேஷத்தைக் கலைத்தவர் ஒரு கண் டாக்டர். 1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக்கிடம் இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்த கைக்குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. கருவிழிக்கு நடுவே வெள்ளையாக ஒரு திட்டு. குழந்தைகள் எடை குறைந்து, பால் குடிக்கவே சிரமப்பட்டன, பலவற்றுக்கு இதயத்திலும் கோளாறு. காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். சக மருத்துவர்களிடமும் கேட்டு 78 குழந்தைகளின் விவரம் சேகரித்தார். அதில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில், பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில், ரூபெல்லா வந்திருந்தது. அந்த வைரஸையே பிரித்தெடுக்க 1962 வரை ஆனது, இவரோ வெறும் கேள்வி கேட்டே பிடித்துவிட்டார்!

உள்ளே நடப்பது இதுதான். தாயின் இரத்தத்தில் இருக்கும் வைரஸ் நஞ்சுக்கொடியைத் தொற்றி, அதைத் தாண்டிக் கருவுக்குள் போகிறது. முதல் 12 வாரத்தில்தான் கண்ணின் லென்ஸ், உள்காது, இதயம் எல்லாம் உருவாகின்றன. அந்தச் சமயத்தில் வைரஸ் செல்கள் பிரியும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும் நாளில் கொத்தனார் பாதிப் பேர் வராத மாதிரி. இந்த ஆரம்ப வாரங்களில் தொற்றினால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகும். 20 வாரத்துக்கு மேல் தொற்றினால் பாதிப்பு அபூர்வம். அந்த முதல் சில வாரங்களில் தான் கர்ப்பமாக இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது, தடிப்பு வராவிட்டால் ரூபெல்லா வந்ததும் தெரியாது. 1964-65-இல் அமெரிக்காவில் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் இந்தப் பாதிப்போடு பிறந்தன. அந்தக் குழந்தைகளின் உடலில் வைரஸ் ஒரு வருடம் வரைகூடத் தங்கி, தூக்கிக் கொஞ்ச வருபவர்களுக்கும் தொற்றும்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். அவள் நினைத்த மாதிரியே நினைத்தது பிரிட்டன். 1970-இல் அங்கே பள்ளிச் சிறுமிகளுக்கு மட்டும் ஊசி போட்டார்கள். பாதிப்பு குறைந்தது, ஆனால் பையன்களிடமும் சின்னக் குழந்தைகளிடமும் வைரஸ் சுற்றிக்கொண்டே இருந்தது, ஊசி போடாமல் விட்டுப்போன பெண்கள் அதில் மாட்டினார்கள். 1988-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாற்றினார்கள்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் கிரீஸ் கதை. அங்கே ஆண், பெண் இருவருக்குமே போட்டார்கள், ஆனால் அரைகுறையாக. 1980-களில் பாதிக் குழந்தைகளுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. வைரஸ் முன்பைவிட மெதுவாகப் பரவியதால், சின்ன வயதிலேயே வந்து போயிருக்க வேண்டிய நோய் பலருக்கு வராமல் தள்ளிப்போனது. ஊசியும் போடாமல் நோயும் வராமல் வளர்ந்த பெண்கள் தாயாகும் வயதுக்கு வந்தார்கள். 1993-இல் நோய் பரவியது, பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. அரைகுறை ஊசி சில சமயம் ஊசியே போடாததைவிட மோசம். அதனால்தான் 2017-இல் 9 மாதம் முதல் 15 வயது வரை பையன், பொண்ணு பார்க்காமல் மொத்தமாகப் போட்டார்கள். இலங்கை ரூபெல்லா ஊசியை 1996-இலேயே ஆரம்பித்து, 2020-இல் ரூபெல்லாவை ஒழித்துவிட்டதாகச் சான்று வாங்கிவிட்டது.

இது வலு குறைத்த உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால் கர்ப்பிணிக்குப் போடமாட்டார்கள்; கல்யாணத்துக்கு அப்புறம் போடுவதானால் ஊசிக்குப் பின் ஒரு மாதமாவது கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஏற்கெனவே மாசமாக இருப்பவருக்குச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் உண்டு. அந்தச் சுற்றி இருப்பவர்களில் அக்கா பையனும் ஒருத்தன். மாடி வீட்டில் அப்போது ஒரு பெண்ணுக்கு இரண்டாம் மாதம்.